திங்கட்கிழமைத் தண்ணீர்

சேந்தேரியில் குணமாலா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வரப்புத் தகராறில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றாலும் சரி, சொசைட்டிப் பால் அளவில் யாருக்காவது சந்தேகம் வந்தாலும் சரி, "நயினாரம்மாவக் கேளு" என்று அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஊரில் நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பங்கள் நான்குதான். அந்த நான்கிலும் பொய்யே வாயில் வராத ஆள் அவள் ஒருத்திதான். இது பெருமைதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா என்று அவள் கணவர் வர்த்தமானைத்தான் கேட்க வேண்டும். அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு நல்லா சமைக்கத் தெரியுமா?" என்று மரியாதைக்குக் கேட்டபோது, "சுமாராத்தான் செய்வா" என்று பதில் சொன்னவள் அவள். அந்த இடம் தட்டிப் போனது.

இந்த நல்ல பெயர்தான் அவளை ஓடைக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஊருக்கு மேற்கே ஒரு மலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல் குவாரியின் குழி இருக்கிறது. மூன்று பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் தலை வெளியே தெரியாது, அத்தனை ஆழம். ஊற்றும் மழையும் சேர்ந்து குழியில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பாறையை உடைக்க முடியாது. அதனால் பெரிய மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுவார்கள். ஓடை நேராக ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து சேந்தேரியின் இருநூறு ஏக்கருக்குப் பாய்கிறது. கல்மாவு கலந்த அந்தத் தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி இருக்கும். வயலில் பாய்ந்து காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், நாற்று வேர் பிடிக்காது. குணமாலாவின் ஒன்றரை ஏக்கர் இரண்டாவது மதகுக்கு நேர் கீழே இருந்தது. போன சம்பாவில் அவளுக்குப் பாதி விளைச்சல்கூட வீடு வந்து சேரவில்லை.

ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் நமச்சிவாயம் மூன்று வருஷம் மனு மேல் மனு போட்டார். கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓர் அதிகாரி இரண்டு தரப்பையும் உட்காரவைத்து ஓர் உத்தரவு போட்டார். நாற்பது வாரம் ஓடையை அளக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தினமும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு லிட்டரில் கலந்திருக்கும் தூள் நூறு மில்லிகிராமைத் தாண்டினால் குவாரிக்காரர்கள் குட்டை வெட்டி, தெளியவைத்துத்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும். தாண்டாவிட்டால் வழக்கம்போல இறைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் அனுமதி கேட்டிருக்கும் முப்பது ஏக்கரிலும் புதிதாகத் தோண்டலாம்.

யார் அளப்பது என்பதில்தான் சிக்கல். ஊர்க்காரனைக் குவாரி நம்பாது, குவாரி ஆளை ஊர் நம்பாது. காஞ்சிபுரத்திலிருந்து தினம் ஓர் ஆள் வந்து போவது நடக்காத காரியம். அப்போது குவாரி மேனேஜர் கலியாணசுந்தரமே வாயைத் திறந்தார். "அந்த நயினாரம்மா எழுதட்டும் சார். அவங்க எழுதுனா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இளவரசி வந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிற பெண், இருபத்தாறு வயது, பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து அவள் விரல் நகங்கள் வாரத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும். ஓடைக்குக் குறுக்கே நடுவில் முக்கோணமாக வெட்டிய இரும்புத் தகட்டைப் பதித்து, பக்கத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட பலகையை நட்டிருந்தார்கள். வெட்டு வழியாக விழும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை நோட்டில் எழுதினால் போதும்.

"பாட்டில்தாம்மா முக்கியம்," என்றாள் இளவரசி. "பாத்திரம் சுத்தமா இருக்கணும். உள்ள கை படக் கூடாது. எல, குப்ப எதுவும் விழுந்துடக் கூடாது. வெள்ள மூடி பாட்டில கழுத்து வரைக்கும் ரொப்பிடுங்க. செவப்பு மூடி பாட்டில்ல கொஞ்சம் ஆசிட் இருக்குது, கீழ கொட்டிடாதீங்க."

"ஆசிட்டா? எதுக்குமா?"

"தண்ணி கெடாம இருக்கத்தான்."

"அதுல பூச்சி கீச்சி இருந்தா?"

"செத்துடும்," என்று சொல்லிவிட்டு இளவரசி ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டப் போய்விட்டாள். குணமாலா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

குணமாலா வீட்டில் தண்ணீர் எடுப்பது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. நாலாக மடித்த வெள்ளைத் துணியைக் குடத்தின் வாயில் கட்டி, அதன் வழியாகத்தான் ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் அடுப்புக்கோ வயிற்றுக்கோ போய்விடக் கூடாது. ஊற்றி முடித்ததும் துணியை உதறிவிட மாட்டார்கள். எந்தக் கிணற்றில் எடுத்தார்களோ அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே துணியைத் திருப்பிப் போட்டு மெல்ல அலசி, தங்கிய உயிர்களை அவை இருந்த இடத்திலேயே விடுவார்கள். கேனில் விலைக்கு வாங்கும் தண்ணீரைக்கூட வர்த்தமான் துணி கட்டித்தான் ஊற்றுவார். இதையெல்லாம் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை, பல் தேய்ப்பதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அப்படியே ஓடையிலும் செய்தாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போவாள். ஞாயிறு ராத்திரி முழுக்கக் குவாரி மோட்டார் ஓடியிருக்கும், ஓடை சாம்பல் நிறத்தில் குதித்துக்கொண்டு போகும். பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். பித்தளைத் தவலையில் தண்ணீரை மொண்டு, கால் மணி நேரம் தெளியவிடுவாள். பிறகு துணி கட்டி ஊற்றி இரண்டு பாட்டிலையும் நிரப்புவாள். ஆசிட் பாட்டிலுக்கு இரண்டு முறை வடிகட்டுவாள். துணியைத் திருப்பி ஓடையில் அலசுவாள். இளவரசி பத்து மணிக்கு வரும்போது பாட்டில்கள் துடைத்து, சீட்டு ஒட்டி, நிழலில் தயாராக இருக்கும். பாட்டில் பால் வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. மோட்டாரும் எட்டு மணிக்கே நின்று ஓடை அடங்கிப் போயிருக்கும். நாற்பது திங்கட்கிழமைகள் அவள் இதை ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தாள். காய்ச்சலில் ஒரு முறை வர்த்தமான் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தாள்.

முடிவு வந்த அன்று நமச்சிவாயம் சங்கக் கட்டடத்தில் நின்றுகொண்டு காகிதத்தை உரக்கப் படித்தார். அறுபத்திரண்டு. நாற்பத்தெட்டு. எழுபத்தொன்று. நாற்பது வாரத்தில் மிக அதிகம் எண்பத்தெட்டு. ஒன்றுகூட நூறைத் தாண்டவில்லை. படிக்கப் படிக்க அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

"கண்ணு இருக்கறவன் எவனாவது இத்த நம்புவானா? லேப்பு விலபோயிடுச்சி! அந்தப் பொண்ணு குவாரிக்காரன்கிட்ட கை நீட்டிடுச்சி!"

கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. வேறு எப்படி இருக்க முடியும்? தண்ணீரை எடுத்தது நயினாரம்மா. அவள் கையிலிருந்து பாட்டில் போன இடத்தில்தான் தப்பு நடந்திருக்க வேண்டும். அன்றைக்கே இளவரசி பெயரைப் போட்டு ஒரு புகார் எழுதினார்கள். குணமாலாவும் கையெழுத்துப் போடுவாள் என்று காகிதத்தை அவளிடம் நீட்டினார்கள். "நான் பாக்காதத எப்டி எழுதறது?" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து இளவரசி போன் செய்தாள். பேச ஆரம்பிக்கும்போதே அழுகை. "ஓனர் வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடுவாரு போலம்மா. பத்தாம் தேதி அந்த அதிகாரி ஆபீஸ்ல விசாரண. தப்புன்னு முடிவாயிடுச்சின்னா இந்த ஊர்ல எனக்கு எந்த லேப்லயும் வேல கெடைக்காது. நான் ஒரு நம்பரக்கூட மாத்தலமா. நீங்களாவது நம்புங்க."

குணமாலாவுக்கு அந்தப் பெண்ணை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஓடையைத் தன் கண்ணால் பார்த்ததையும் நம்பாமல் இருக்க முடியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும் என்று தலையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். "நீ எப்டி சோதிக்கறன்னு நான் வந்து பாக்கறேம்மா," என்றாள்.

அவள் பிறந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். சனிக்கிழமை அங்கே கோயிலுக்குப் போய்விட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு வந்தாள். மாடியில் இரண்டு அறை. சன்னல் வழியாக அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. இளவரசி முகம் வீங்கியிருந்தது. ஒரு சாயப்பட்டறையிலிருந்து வந்த தண்ணீரை எடுத்து, "இது மாதிரிதாம்மா உங்க தண்ணியும்," என்று செய்து காட்டினாள். ஒரு கண்ணாடிப் புனலில் வட்டமான வெள்ளைத் தாளை வைத்தாள். மேலே தண்ணீரை ஊற்றினாள். கீழே சின்ன மோட்டார் உறிஞ்ச, தாள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

குணமாலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களும் எங்கள மாதிரியே வடிகட்டறீங்களா!"

அந்த வாரத்தில் முதல்முறையாக இளவரசி சிரித்தாள். "வடிகட்டாம எப்டிம்மா?"

சிரித்துக்கொண்டே கீழே சேர்ந்த தெளிந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

"ஐயே, நல்ல தண்ணிய கொட்டிட்டியே!"

"அது நமக்கு வேணாம்மா. தாள்ல தங்குது பாருங்க, அதான் வேணும். இத்த காயவெச்சி எடபோட்டா வர்றதுதான் நம்பர்."

இடுக்கியில் தாளைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஊதா நிறத்தில் ஒரு படிவு, பப்படத்தில் மிளகுத் தூள் மாதிரி.

குணமாலா தாளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். நாற்பது திங்கட்கிழமை அவள் துணியில் தங்கியது, அவள் பக்தியோடு ஓடையில் அலசி விட்டது, இதுதான். இந்தப் பெண் தாளில் தேடித் தேடிக் கிடைக்காதது அவள் துணியில் இருந்தது. இவர்களுக்கு வேண்டியதை அவளே ஓடையில் விட்டுவிட்டு, வேண்டாததைப் பாட்டிலில் நிரப்பி, சீட்டு ஒட்டி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறாள். அங்கேயே சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. பயம். தன் இருநூறு ஏக்கர் ஊரை நினைத்துப் பயம், இந்தப் பெண்ணின் வீங்கிய முகத்தைப் பார்க்கப் பயம். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஓர் உண்மையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

ஊருக்கு வந்ததும் நேராக நமச்சிவாயம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஏம்மா, வடிகட்டறேன்னு ஒரு வார்த்த யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"தண்ணி எடுன்னாங்க, எடுத்தேன். எங்க வீட்ல அப்டித்தான எடுப்போம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருடைய தலைவர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. இப்ப புகார் லேப்பு மேல இருக்குது. லேப்பு தப்புன்னு முடிவானா, புதுசா எடுத்து வேற லேப்புல பாருன்னு சொல்லுவாங்க, அதுவரைக்கும் மோட்டார நிறுத்திவெப்பாங்க. சம்பாவுக்கு நல்ல தண்ணி வரும். நீ போய் வாயத் தொறந்தன்னா தப்பு நம்ம மேல. மோட்டார் ஓடிக்கினேதான் இருக்கும். இந்த வருஷமும் எல்லாருக்கும் போச்சி. நீ பொய் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்."

"அந்தப் பொண்ணு?"

"வயசு இருக்குது, வேற வேல பாத்துக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நான்கு ஏக்கர், இரண்டு வருஷமாக நஷ்டம். அதனால்தான் குணமாலாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் வர்த்தமானிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா உன் வாய மூடச் சொல்லி நானே தோத்துட்டேன். நமச்சிவாயம் ஒரு நாள்ல ஜெயிச்சிட்டான்னா எனக்குத்தான் அவமானம்," என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பத்தாம் தேதி விசாரணை அறையில் ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் குவாரி. பின்வரிசையில் இளவரசி தனியாக உட்கார்ந்திருந்தாள். கலியாணசுந்தரம் புதுச் சட்டையில் வந்திருந்தார். முதலில் அவர்தான் பேசினார். "தண்ணி எடுத்தது யாரு சார்? அவங்க ஊர்க்காரங்களே கையெடுத்துக் கும்புடற அம்மா. நோட்டுல ஒரு நாள் விடல, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. லேப்புல குத்தம் சொல்றாங்க. ஆதாரம் எங்க?"

அதிகாரி குணமாலாவைப் பார்த்தார். "நீங்க எடுத்த தண்ணிதானம்மா இதெல்லாம்?"

"நான் எடுத்ததுதான் சார். ஆனா வடிகட்டி எடுத்தேன்."

நமச்சிவாயம் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் அதைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு என்னவென்று உடனே புரியவில்லை. குணமாலா தவலை, கால் மணி நேரம், நாலு மடிப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஆசிட் பாட்டிலுக்கு இரண்டு தரம் என்பதையும் சொன்னாள். "இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல சார். அது கைக்கு வரும்போது தண்ணியில ஒண்ணும் இல்ல. நாந்தான் எடுத்துட்டேன்." இளவரசி வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

கலியாணசுந்தரத்துக்குப் புதுச் சட்டை வேர்த்துவிட்டது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர், உடனே திரும்பிக்கொண்டார். "அப்ப மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணுங்க சார். நோட்டுல எழுதன அளவையும் சேத்து."

"கோட்டப் பாத்து எழுதறதுக்கு எதுக்குங்க வடிகட்டணும்? அது இருக்கட்டும்," என்றார் அதிகாரி. பாட்டில் முடிவுகள் மட்டும் செல்லாது என்று எழுதினார். மழைக்கால மூன்று மாதம், பதிமூன்று திங்கட்கிழமை, புதிதாக எடுக்க வேண்டும். அதுவரை குவாரி இப்போதுபோலவே நடக்கும். நமச்சிவாயம் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

"மறுபடியும் யாரு எடுக்கறது?" என்று அதிகாரி கேட்டார். ஊர் சார்பில் சொன்ன இரண்டு பெயரையும் கலியாணசுந்தரம் ஒத்துக்கொள்ளவில்லை. குவாரி சொன்ன பெயருக்கு ஊரே எழுந்து நின்றது. ஆபீஸில் விடியற்காலையில் அனுப்ப ஆளில்லை. சுற்றிச் சுற்றிப் பேச்சு குணமாலாவிடமே வந்து நின்றது. கலியாணசுந்தரம் மெல்லச் சொன்னார்: "அந்தம்மா எடுக்கட்டும், எங்களுக்குச் சம்மதம். ஆனா வடிகட்டாம எடுப்பாங்களா, ஆசிட் பாட்டில்ல ஊத்துவாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க சார். அவங்க மதத்துக்கு ஆகாத விஷயம், நாளைக்கி நாம கட்டாயப்படுத்துனோம்னு ஆயிடக் கூடாது."

முடியாது என்று அவள் சொல்வாள், எடுக்க ஆள் இல்லாமல் விஷயம் இன்னும் ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர் எண்ணம். அது அவளுக்கும் புரிந்தது. அவள் எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவள். தெரிந்து ஓர் உயிரைக் கொன்றதாக அவளுக்கு நினைவில்லை. ஆமாம் என்று சொன்னால் அது வாய் வார்த்தையாக நிற்காது, பதிமூன்று திங்கட்கிழமையும் செய்தாக வேண்டும். ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எடுக்கறேன் சார்," என்றாள்.

ஐப்பசி முதல் திங்கட்கிழமை நல்ல மழை. அவள் ஓடைக்குப் போனபோது அங்கே இளவரசி ரெயின்கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காஞ்சிபுரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறாள்.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. நான் ரொப்பறேன். யாருக்கும் தெரியாது."

"நான் எடுக்கறேன்னு ஒத்துக்கினேன். நீ எடுத்தா அது பொய்யாயிடும்."

"ஏம்மா, இந்தக் கல்லுமாவு போய் ஏரில எத்தினி மீனு, எத்தினி தவளைய சாகடிக்குது. அதுக்கு முன்னாடி இந்த ஒரு பாட்டில்ல இருக்கறது இன்னாம்மா?"

"அது அவங்க செய்யறது. இது நான் செய்யறதுமா."

குணமாலா கோட்டைப் பார்த்தாள், பதினேழு. நோட்டில் எழுதினாள். வெள்ளை மூடி பாட்டிலை ஓடையிலேயே அமிழ்த்தி நிரப்பினாள். பிறகு தவலையில் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு, சிவப்பு மூடியைத் திறந்தாள். உள்ளே அடியில் கொஞ்சூண்டு ஆசிட், தண்ணீர் போலவேதான் இருந்தது. தவலையைச் சாய்க்கக் கை வரவில்லை. ஓடையைப் பார்த்துக் கைகூப்பி, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். பெயர் தெரியாத, கண்ணுக்குத் தெரியாத அவற்றிடம் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊற்றினாள். மூடினாள். அழுகை வந்தது, மழையில் நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்து வர்த்தமானுக்குச் சமைத்துப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை. "உபவாசமா? இன்னிக்கு இன்னா நாளு?" என்று கேட்டார். "திங்கக்கெழம," என்றாள். அவர் குழம்பில் உப்புக் குறைச்சல் என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை இளவரசி போன் செய்தாள். அவள் குரல் துள்ளியது. "ரெண்டாயிரத்து முந்நூத்தி அறுபதும்மா! நூறு எங்க, இது எங்க! இதே மாதிரி இன்னும் நாலு வாரம் வந்தாக்கூட அந்தாளு குட்ட வெட்டித்தான் ஆவணும்." சேதி போன வேகத்தில் நமச்சிவாயமே வீட்டுக்கு வந்தார். ஒரு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், "நீ எங்க ஊரு சாமிம்மா," என்று கும்பிட்டார். குணமாலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. இருந்தாலும் போனை வைப்பதற்கு முன் இளவரசியிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

"செவப்பு மூடி பாட்டில்ல எத்தினி உசிரு இருந்துதுன்னு உங்க காயிதத்துல வருமாம்மா?"

அந்தப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே காகிதம் புரள்வது கேட்டது. "அது லிஸ்ட்ல இல்லம்மா. நாங்க அத்த பாக்கறதில்ல."

"சரிம்மா. அத்த நான் பாத்துக்கறேன்."

வர்த்தமான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காதவர்போல இருந்தார்.

இரண்டாவது திங்கட்கிழமை அவள் ஓடையிலிருந்து நனைந்து திரும்பி வந்து, ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு, அவருக்காக அரிசி களையப் போனாள். அவர் வந்து அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிப் பரண்மேல் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் வேணாம்," என்றார்.

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது. நல்ல தண்ணி வந்தா நம்ம ரெண்டு பேர் நெலத்துக்குந்தான பாயப்போவுது? உபவாசம் மட்டும் உனக்குத் தனியாவா?"